திண்ணை மெழுகிற்று

பஸ் கவிழ்ந்த செய்தி வெளியான அன்று காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் தொலைபேசி அடித்தது, நான்தான் எடுத்தேன். பேசியவர் இறந்துபோன ஓர் இளைஞனின் தகப்பனார். "என் மகன் கொல்லப்பட்டான் என்று பேப்பரில் போட்டிருக்கிறீர்களே, யார் சார் கொன்றது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. "பஸ் கவிழ்ந்துதான் செத்தான் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். உங்களுக்கு வேறு ஏதாவது தெரியுமா?"

எனக்கு நாக்கு எழவில்லை. போலீஸ் மறைத்த எதையோ பத்திரிகை கண்டுபிடித்துவிட்டது என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். 'பஸ் கவிழ்ந்த விபத்தில் 5 பேர் கொல்லப்பட்டனர்' என்று எழுதியது நான். செய்தி நிறுவனத்திலிருந்து வந்த ஆங்கிலக் காப்பியில் அப்படித்தான் இருந்தது. ஆங்கிலத்தில் வெள்ளமும் விபத்தும் கொலைகாரனும் ஒரே வினைச்சொல்லால் ஆளைக் கொல்லலாம். தமிழில் 'கொல்' என்றால் கொன்றவன் ஒருவன் வேண்டும். 'பட்டனர்' என்று முடிப்பதால் அவன் மறைந்துகொள்கிறானே தவிர, இல்லாமல் போய்விடுவதில்லை. அந்தத் தகப்பனார் மறைந்திருந்தவனைத்தான் தேடினார்.

அப்போது எங்களுக்கு மூத்தவராக இருந்த உதவி ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. "இங்கிலீஷ் வார்த்தை வந்தால் வாசலிலேயே பிடித்துவிடுகிறாய். இங்கிலீஷ் வாக்கியம் வேட்டி கட்டிக்கொண்டு வருகிறது, கும்பிட்டு உள்ளே விடுகிறாய்" என்றார். உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ்ஸைப் பேருந்து ஆக்கினால் தமிழ்த் தொண்டு முடிந்தது என்று நினைத்தவன் நான். 'பஸ் கவிழ்ந்து 5 பேர் இறந்தார்கள்' என்பதில் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது, ஆனாலும் அது தமிழ். நான் எழுதியதில் பஸ்ஸைப் பேருந்தாக்கியிருந்தாலும் அது இங்கிலீஷ்தான்.

அதன் பிறகுதான் 'படு' என் கண்ணில் உறுத்தத் தொடங்கியது. மேற்கொள்ளப்பட்டது, வழங்கப்பட்டது, திறந்து வைக்கப்பட்டது. ஒரு நாள் என் பக்கத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பார்த்தேன், பக்கத்துக்கு அம்மை போட்டது போலிருந்தது. வட்டமிட்டவற்றில் முக்கால்வாசி இல்லாமலே செய்தி நின்றது.

'படு' தமிழுக்கு அந்நியம் என்று சொல்ல வரவில்லை. வாழ்வாங்கு வாழ்பவன் 'தெய்வத்துள் வைக்கப் படும்' என்று வள்ளுவரே எழுதியிருக்கிறார். ஆனால் தமிழுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 'செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியன் மரபே' என்கிறது தொல்காப்பியம். செய்யப்பட்ட பொருளே அந்த வேலையைச் செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று அர்த்தம். உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளுமா? கொள்ளாது. மெழுகியது யார் என்பது அங்கே முக்கியமில்லை, அவ்வளவுதான். இந்தச் சூத்திரத்தைப் படித்தறியாத என் அம்மா நாள் முழுவதும் இப்படித்தான் பேசுவார்: கதவு பூட்டியிருக்கிறது, சோறு வடித்தாயிற்று, மாடு இன்னும் கறக்கவில்லை. 'மாடு கறக்கப்படவில்லை' என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் பால்காரர் பயந்திருப்பார்.

வாக்கியத்தின் வரிசை இன்னொரு தொல்லை. ஆங்கிலத்தில் அமைச்சரும் 'சொன்னார்' என்பதும் முதலிலேயே வந்துவிடும், சொன்னது பின்னால் எவ்வளவு நீளமாகவும் வரலாம். தமிழில் வினை கடைசியில். அமைச்சரை முதல் வரியில் நிறுத்திவிட்டு, அணை, நீர்மட்டம், கன அடி எல்லாம் கடந்து 'என்று கூறினார்' என்பதை அடைவதற்குள் வாசகர் அமைச்சரையே மறந்திருப்பார். இதற்குத் தமிழ்ப் பத்திரிகைகள் பிடித்த வழி எனக்கு எப்போதுமே பிடிக்கும். 'அமைச்சர் கூறியதாவது:' என்று தொடங்கி, அவர் பேச்சைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் போட்டு, 'இவ்வாறு அவர் கூறினார்' என்று முடிப்பது. சலித்துப்போன வாய்பாடு என்று இளைஞர்கள் சிரிப்பார்கள். மேற்கோள்குறி வேலை செய்யாத இடத்தில் கதவும் தாழ்ப்பாளுமாக நிற்கும் வாக்கியங்கள் அவை.

சிரிக்க வேண்டுமானால் 'என்பது குறிப்பிடத்தக்கது' இருக்கிறது. செய்தியின் கடைசிப் பத்தியில் கட்டாயம் வந்து உட்காரும். அதுதான் குறிப்பிட்டாகிவிட்டதே! அதன் தம்பி 'நினைவுகூரத்தக்கது'. இரண்டும் ஆங்கிலக் காப்பியின் பழைய வழக்கத்திலிருந்து வந்து குடியேறியவை, இனி காலி செய்ய மாட்டா. நானே எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதும் குறிப்பிடத்தக்கது.

டெஸ்க்கின் நோய் புதிதல்ல. 1904-இல் சுதேசமித்திரனில் சேர்ந்த பாரதிக்கும் அங்கே பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வேலைதான். அன்று இது பத்திரிகை அலுவலகத்துக்குள் இருந்தது. இப்போது வங்கிக்குத் தொலைபேசினால் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று ஒரு குரல் பத்து நிமிடம் காக்க வைக்கிறது. என் மகள் தன் தோழியைப் பற்றி, "அவள் இரண்டு அண்ணன்களைக் கொண்டிருக்கிறாள்" என்று கட்டுரை நோட்டில் எழுதியிருந்தாள். "அவளுக்கு இரண்டு அண்ணன்கள் என்று எழுது" என்றேன். "அது பேசுகிற மாதிரி இருக்கிறதே அப்பா" என்றாள். எழுத்து என்றால் பேச்சிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது நான் எழுதும் பத்திரிகையாகவும் இருக்கலாம்.

பழைய அரசு பஸ்ஸில் ஜன்னலோரம் எழுதியிருக்குமே, 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்'. இன்று அதை எங்கள் டெஸ்க்கில் எழுதச் சொன்னால், 'பயணிகள் தங்களது கைகளையும் தலைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று எழுதி முடிப்பதற்குள் பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும்.

போன மாதம் அலுவலகத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. நிர்வாகத்திலிருந்து தட்டச்சு செய்த அறிவிப்பு ஒட்டினார்கள்: 'பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருவதன் காரணமாக மின்தூக்கியின் பயன்பாடு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஊழியர்களின் ஒத்துழைப்பு வேண்டப்படுகிறது.' அதைப் படித்தபடியே ஆட்கள் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றார்கள். மதியத்துக்குமேல் வாட்ச்மேன் சாக்பீஸ் எடுத்து வந்து லிஃப்ட் கதவிலேயே எழுதினார்: 'லிஃப்ட் ரிப்பேர். படியில் ஏறுங்கள்.'

நான் படியில் ஏறினேன்.