ஆத்துல தண்ணி எம்புட்டு?

"அண்ணாச்சி, குறுக்குத்துறையில தண்ணி எம்புட்டு? பிள்ளைகளோட குளிக்கலாமா?" சனிக்கிழமை சாயங்காலம் ஆனால், நெல்லையில் தாமிரபரணி ஆற்றின் குறுக்குத்துறைப் படித்துறையைப் பற்றி இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். கேட்கிறவருக்கு இது ஒரே கேள்வி. ஆற்று நிலவரம் பார்த்துப் பதில் சொல்கிற தன்னார்வலர் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் எவ்வளவு என்பதைப் பார்த்துச் சொல்லலாம். குளிக்கலாமா என்பதை இங்கிருந்து சொல்லக் கூடாது. கேட்கிறவருக்கு நீச்சல் தெரியுமா, பிள்ளைக்கு என்ன வயது, எந்த இடத்தில் இறங்கப்போகிறார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

பலரும் செய்வது, அணை நிலவரத்தை அப்படியே அனுப்பிவிடுவது. பாபநாசம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. எண் சரிதான், ஆனால் அது அணைக்கான எண், படித்துறைக்கானது அல்ல. பாபநாசத்துக்கும் நெல்லை நகருக்கும் நடுவே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி என்று, ஆற்றை மறித்துக் கால்வாய்க்குத் தண்ணீர் திருப்பும் ஆறு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் ஒவ்வொன்றும் தன் கால்வாய்க்குப் பங்கை எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். மணிமுத்தாறு வந்து சேரும், திருப்புடைமருதூரில் கடனாநதி சேரும். அணையில் திறந்ததைவிட அதிகமாக நகரில் ஓடும். ஒரு கன அடி என்பது விநாடிக்கு 28.3 லிட்டர். ஆயிரம் கன அடி கூடினாலும் குறைந்தாலும் அது சின்ன விஷயமில்லை.

அணை நிலவரத்தில் உண்மையில் கவனிக்க வேண்டியது அணை நிறைய இன்னும் எவ்வளவு பாக்கி என்பதைத்தான். பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. பாபநாசம் 100 அடியில் நிற்கும்போது மலையில் கொட்டுகிற மழையை அணை வாங்கி வைத்துக்கொள்ளும். 141 அடியில் நின்றால் வருவதை அப்படியே கீழே விட்டாக வேண்டும். அதே மழை, அதே வரத்து. கீழே இருக்கிறவனுக்கு மட்டும் நிலைமை வேறு. மழை அளவிலும் இதே சிக்கல் உண்டு. நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை என்று மலைப் பகுதிகளிலிருந்து காலையில் வரும் மில்லிமீட்டர் கணக்கு, முந்தைய 24 மணி நேரத்தின் மொத்தம். அது ராத்திரி முழுக்கத் தூறியதா, விடியற்காலை ஒரே மணி நேரத்தில் கொட்டியதா என்று அந்த எண் சொல்லாது. மணிமுத்தாறு அருவிக்குப் போகிறவருக்கு அதுதான் முக்கியம்.

ஆகவே படித்துறையில் நின்று பார்த்துச் சொல்கிற ஆள் வேண்டும். படியை மேலிருந்து எண்ண வேண்டும். கீழ்ப்படிகள் எப்போதும் முங்கித்தான் கிடக்கும். இதில் ஒரு குழப்பம் வரும். மேலிருந்து எண்ணினால் தண்ணீர் ஏற ஏற எண் குறையும். 'நேத்து எட்டு, இன்னைக்கு ஆறு' என்று அனுப்பினால், தண்ணீர் இறங்கிவிட்டது என்றுதான் பாதிப் பேர் எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஏறுது, இறங்குது என்ற சொல்லை எண்ணுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். ஒழுங்கான செய்தி இப்படி இருக்கும்: 'காலை 6.40. குறுக்குத்துறை. மேலிருந்து ஆறாம் படி நனையுது, நேத்து இதே நேரம் எட்டாம் படி. ஏறுது. தண்ணி கலங்கல், சருகு வருது.' படம் எடுத்தால் ஒரே இடத்தில் நின்று, அசையாத ஏதாவது ஒரு தூண் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். நேரம் எழுதாத படத்தை அனுப்பவே கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தின் காட்சிகளை 'இப்போ' என்று போட்டு ஊரைக் கலக்குவதற்கு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அணைக்கட்டுக்கு நேர் மேலே குறி வைப்பது வீண். அங்கே ஆறு அகலமாகத் தேங்கி நிற்கும். ஓட்டம் இரட்டிப்பானாலும் மட்டம் கொஞ்சம்தான் உயரும். சேர்ந்த மணலை வெளியேற்றும் மணல் போக்கி ஷட்டரைத் திறந்தால் மேலே மட்டம் இறங்கும், கீழே வேகம் கூடும். மேலே பார்த்தவர் 'குறைஞ்சிருக்கு' என்று சொல்லிவிடுவார். அணைக்கட்டின் அடியிலோ, விழுகிற தண்ணீர் ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அது ஆபத்துதான்.

வேகத்தை அளக்கச் செலவே இல்லை. நேராக ஓடும் இடத்தில் கரையோரம் 10 மீட்டர் குறித்துக்கொண்டு, பாதித் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கயிறு கட்டி விட்டு நேரம் பார்க்கலாம். மூன்று தடவை விட்டுச் சராசரி எடுத்தால் போதும். 12.5 விநாடி ஆனால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். மேலே ஓடும் வேகம் அடியில் இருக்காது என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 0.68. அகலம் 20 மீட்டர், சராசரி ஆழம் 0.6 மீட்டர் என்றால் விநாடிக்கு 8.16 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 288 கன அடி. குளிக்கிறவருக்கு மொத்த ஓட்டத்தைவிட, நிற்கும் இடத்தின் ஆழத்தையும் (மீட்டரில்) வேகத்தையும் (விநாடிக்கு மீட்டரில்) பெருக்கி வரும் எண்தான் உதவும். அது 0.6-ஐ நெருங்கினால் பெரியவருக்கே கால் தடுமாறலாம், பிள்ளைகளுக்கு 0.4 ஆனாலே. பாசி பிடித்த படியில் அதற்கும் முன்பே வழுக்கும்.

குற்றாலத்தில் இந்த வித்தையெல்லாம் செல்லாது. அங்கே நடுவில் அணை இல்லை. மலையில் பெய்தது அப்படியே இறங்கும். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவை, அதாவது ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதா, ஐந்தருவியில் எத்தனை கிளையில் விழுகிறது என்பதுதான் அளவுகோல். பேரருவி நடுவே பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து நிரம்பிப் பிறகு இறங்குவதால் வேகம் கொஞ்சம் தணியும். அதை நம்பி மற்ற அருவிகளை எடை போடக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. சீசன் இன்னும் தொடங்காத நாள் அது. அருவிக்கரையில் வெயில் அடிப்பது மேலே மழை இல்லை என்பதற்குச் சாட்சி இல்லை. தண்ணீரின் நிறம் மாறினாலோ, சருகும் சுள்ளியும் வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, படம் எடுப்பதை விட்டுவிட்டு முதலில் ஆட்களை மேலே ஏற்ற வேண்டும். செய்தி அப்புறம் அனுப்பலாம்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் ஆற்றோரம் தங்குகிறவர்களுக்கு ராத்திரி நிலவரமும் வேண்டும். இருட்டில் படி தெரியாது. சாயங்காலம் தண்ணீர் விளிம்பில் ஒரு கம்பை நட்டு, டார்ச் அடித்து மணிக்கு ஒரு தடவை பார்ப்பதே வழி. கம்பு நனைந்தால் எழுப்பிவிட வேண்டும்.

குளிக்கத் தடை இருக்கிறதா இல்லையா என்பதைத் தனி வரியாக, யார் எப்போது அறிவித்தது என்பதோடு எழுத வேண்டும். தடை நீங்கிவிட்டது என்று யாரோ சொன்னதாக எழுதவே கூடாது.

பெரிய வெள்ளம் போனதும் பழைய குறிப்புகளை அப்படியே நம்பக் கூடாது. மணல் அரித்த இடத்தில் புதுக் கசம், அதாவது ஆழமான குழி, விழுந்திருக்கும், பழைய கசம் மேடாகியிருக்கும். அதே ஆறாம் படிக்கு இப்போது ஓட்டம் வேறு. மே மாதத்தில், தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும்போது, ஒரு ஆள் கயிறு பிடிக்க இன்னொருவர் கம்போடு இறங்கி, கரையிலிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் ஆழம் எடுத்து எழுத வேண்டும். படிக்குறிகளுக்கும் அப்போதே பெயிண்ட் அடித்துவிடலாம். கோயில் படியானால் கேட்டுவிட்டு.