நிற்குமிடம் தெரியும் விளக்கு

புரட்டாசிச் சனிக்கிழமைப் பெருமாளைப் பார்க்க ரங்கூனிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, பர்மாவின் பழைய தலைநகரான பகான் போகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். பெரியம்மாவும் நானும் போனோம். விடியும் முன் இறங்கி, குதிரைவண்டி பேசி, பழைய கோட்டைக்குள் தட்பியின்யூ என்ற பெரிய புத்தர் கோயிலை ஒட்டியிருக்கும் நத்லாங் சௌங்குக்கு வந்து சேர்ந்தோம். ஆயிரக்கணக்கான புத்தர் கோயில்களுக்கு நடுவே ஒரு விஷ்ணு கோயில். செங்கல் கட்டடம். வெளிச்சுவர் மாடங்களில் தசாவதாரத்தில் மிஞ்சியவர்கள். உள்ளே நடுத்தூணில் பெருமாள். பூசை இல்லை, மணியோசை இல்லை. வௌவால் வாடைக்கு மட்டும் குறைவில்லை.

பெரியம்மா பையிலிருந்து அகலை எடுத்தார். காவல்காரர் ஓடிவந்து கையை அசைத்தார். பழைய கட்டடம், தீ ஆகாது. நியாயம்தான். ஆனால் பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது.

பேச்சை மாற்ற நினைத்து நானே விளக்கில் போய் மாட்டிக்கொண்டேன். இதே பகானில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர் பட்டினத்துக் குலசேகர நம்பி, புக்கத்தில், அதாவது இந்தப் பகானில், நானாதேசி வணிகர்களின் பெருமாள் கோயிலான நானாதேசி விண்ணகருக்கு மண்டபம் எடுத்து, கதவு இட்டு, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் தந்தார்.

“அவர் மட்டும் ஏற்றலாமா?” என்றார் பெரியம்மா. பிறகு, “திருவாரூரிலும் ஒரு விளக்குக் கதை சொன்னாயே, பரவை என்று. சுந்தரர் பெண்சாதிதானே?”

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். சுந்தரரின் பரவையார் வேறு; அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர் இந்தப் பரவை நங்கையார். முதலாம் ராஜேந்திர சோழனின் அணுக்கியார். பட்டத்தரசி அல்ல. ஆனாலும் திருவாரூர் வீதிவிடங்கர் கோயில் கற்றளியானது, அதாவது கல்கோயிலானது, இவர் விருப்பத்தால்தான். பொன் வேய்ந்ததும் நகைகளும் விளக்குகளும் கொடுத்ததும் அங்கே கல்லில் இருக்கின்றன. அரசனும் அவரும் ஒரே தேரில் கோயிலுக்கு வந்தார்கள். இருவரும் நின்று கும்பிட்ட இடம் தெரியவேண்டுமென்று அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்தார்கள். விழுப்புரம் பக்கத்துப் பனையபுரத்துக்கு அன்று பரவைபுரம் என்றே பெயர். ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் காலத்தில், அப்பாவின் படிமத்தோடு இவர் படிமத்துக்கும் திருவாரூரில் வழிபாடு நடந்தது. தகப்பனின் அணுக்கிக்கு மகன் செய்த மரியாதை அது. எந்த அரண்மனையில் இது நடக்கும்?

‘ஆசைநாயகி’ என்று இப்போது எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அணுக்கம் என்றால் நெருக்கம். கல்வெட்டுக்காரனுக்கு அந்தச் சொல்லைச் செதுக்க வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

“அந்த ராஜா இங்கேயும் வந்தாரா?”

“படை வந்திருக்கலாம். 1025 வாக்கில் மலேயாப் பக்கத்துக் கடாரத்துக்குக் கப்பல் விட்டார். அவர் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியில் வரும் மாப்பப்பாளம் நம் பர்மாக் கரைதான் என்று சொல்கிறவர்கள் உண்டு.”

“படை போன இடத்தில் யார் விளக்கு வைப்பார்கள்” என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தார்.

காவல்காரர் எல்லைக்கு வெளியே மண் தரையைக் காட்டினார். அங்கே ஏற்றிக்கொள்ளலாமாம். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை குதிரைவண்டிக்காரர் தன் லுங்கியை விரித்து மறைத்துக்கொண்டார். சுடர் நின்றது.

பெரியம்மா கண்ணை மூடினார். நான் சற்றுத் தள்ளி நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“அங்கே என்ன செய்கிறாய்? இங்கே வந்து நில்” என்றார்.