சூடானால் அணையும் எஞ்சின்

3 வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்த பிரச்சினை நேற்றுதான் பிடிபட்டது. காரைக்குடியிலிருந்து கிளம்பினால் குன்றக்குடி தாண்டியதும் என் வண்டியின் எஞ்சின் பட்டென்று அணைந்துவிடும். 20 நிமிடம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். காலையில் ஒருநாளும் மக்கர் செய்யாது, மத்தியான வெயிலில்தான்.

பெட்ரோல் ஃபில்டர், பேட்டரி டெர்மினல் எல்லாம் மாற்றியாச்சு. போன வாரம் அப்பத்தாவைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போகும்போதும் நின்றது. 80 வயது மனுஷியை அந்த வெயிலில் உட்கார வைக்க மனசு கேட்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன்: சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை.

இதைச் சொன்னதும் மெக்கானிக் அண்ணன், எஞ்சின் சுற்றுவதை உணர்ந்து சிக்னல் அனுப்பும் கிராங்க் சென்சாரைக் கழற்றினார். இரண்டு கம்பி, உள்ளே ஒரு காயில் (கம்பிச்சுருள்). ஆறியிருக்கும்போது மல்டிமீட்டரில் 870 ஓம். ஹேர் டிரையரால் சூடுபடுத்தினார். எண் தடுமாறியது, அப்புறம் ஓப்பன், அதாவது உள்ளே இணைப்பே அறுந்த மாதிரி. சென்சாரின் சிக்னல் போனால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ தீப்பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும்.

உங்கள் வண்டியும் இப்படி நின்றால், எதையும் மாற்றும் முன் அந்த முள்ளைப் பாருங்கள். புது சென்சார் போட்டு இன்று மதியம் திருப்பத்தூர் வரை போய்வந்தேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. நாளைக்கே கோயிலுக்குப் போகலாம் என்கிறார் அப்பத்தா.