சிமாக்கின் மலைமுகடு: பாறை மட்டும் ஒருவழியாக நின்றது

நான்காவது தடவை செய்த பாறைமுகம் நின்றுவிட்டது. விரலால் தட்டிப் பார்த்தேன், உதிரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன். மரங்கள் பாதிகூட ஆகவில்லை, வீட்டுக்குக் கூரையே போடவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செய்துகொண்டிருப்பது ஒரு சின்ன மாடல்: அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிளிஃபோர்ட் டி. சிமாக் எழுதிய ‘வே ஸ்டேஷன்’ நாவலின் பண்ணை வீடும், அது நிற்கும் முகடும். 1963-இல் வந்து, அடுத்த வருஷம் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கிய நாவல். கதை நடப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வில் என்ற ஊர்ப் பக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஒருவன், விண்மீன் விட்டு விண்மீன் போகிற வேற்றுலகத்தார் தங்கிச் செல்லும் நிலையத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்து நடத்துகிறான். நம் கணக்கில் சத்திரத்து மணியக்காரர் வேலை. நூறு வருஷமாகியும் வயது ஏறவில்லை. அன்றாடம் கொஞ்ச நேரம் வெளியே நடந்து, தபால்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்புவான்.

அளவு 1:160, அடிப்பலகை 60 × 45 செ.மீ. விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்தில் மேடுகள் ஆற்றிலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் எழும்புகின்றன. கணக்குப்படி செய்தால் 94 செ.மீ. உயரம் வரும். ஸ்டீல் பீரோ மேல் வைத்தால் மின்விசிறியில் இடிக்கும். அதனால் 25 மி.மீ. தெர்மாகோல் பதினாறு அடுக்கு, 40 செ.மீ.யோடு நிறுத்திக்கொண்டேன். கொஞ்சம் ஏமாற்றுதான்.

இனி பாறை. நான் திருச்சிக்காரன். கத்தியைக் கையில் எடுத்தால் கை தானாக மலைக்கோட்டையைத்தான் செதுக்குகிறது: உருண்டு, வழுவழுவென்று, யானை முதுகு மாதிரி. விஸ்கான்சின் பாறை அப்படி இல்லை. அது படிவுப் பாறை. டோலமைட், மணற்கல் என்று படுக்கை படுக்கையாக, கிட்டத்தட்ட மட்டமாக அடுக்கிவைத்தது. டோலமைட் கெட்டி, விளிம்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். மணற்கல் தேய்ந்து உள்வாங்கும். முதல் தடவை தெர்மாகோலைச் சூடேற்றிய நிக்ரோம் கம்பியில் வெட்டிப் பிளாஸ்டர் பூசினேன், மலைக்கோட்டை வந்தது. இரண்டாவது தடவை மரப்பட்டையை ஒட்டினேன், கோடெல்லாம் செங்குத்தாக நின்றது. மூன்றாவதாக அலுமினியத் தாளைக் கசக்கி அச்செடுத்தேன். அழகாகத்தான் வந்தது. ஆனால் அது இமயமலை.

நான்காவது தடவைதான் எதையும் செதுக்காமல் விட்டேன். கண்ணாடிப் பலகையில் பிளாஸ்டரை 4 மி.மீ. கனத்துக்கு ஊற்றி, முழுசாகக் காயவிட்டு, அப்பளம் மாதிரி கையால் உடைத்தேன். உடைந்த ஓரம் வெளியே தெரியும்படி ஒன்றின்மேல் ஒன்றாக ஃபெவிகால் வைத்து அடுக்கினால் அவ்வளவுதான், டோலமைட்! ஓரத்தை மட்டும் அரம் வைத்துச் சீர்பண்ணக் கூடாது. பண்ணினால் செங்கல் சுவராகிவிடும், எனக்கு ஆனது. ஐந்தாறு அடுக்குக்கு ஒருமுறை இரண்டு அடுக்கை உள்ளே தள்ளி, மேலே சலித்த ஆற்றுமணலை ஒட்டினால் மணற்கல் பட்டை. சாயத்துக்குத் தண்ணீராக டீ டிகாஷன், காய்ந்த பிறகு இடுக்குகளில் மட்டும் கறுப்புப் போஸ்டர் கலர்.

பிளாஸ்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கடையில் ஐந்து கிலோ மூட்டை மலிவாகக் கிடைத்தது. இரண்டு மணி நேரமாகியும் தோசைமாவு மாதிரி அப்படியே கிடந்தது. ஈரம் குடித்த பழைய சரக்கு. அப்புறம் பல் டாக்டர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் டென்டல் பிளாஸ்டர் வாங்கினேன். விலை கூட, ஆனால் சொன்ன பேச்சு கேட்கிறது.

அடுக்கை அடுக்கிக்கொண்டே வரும்போதுதான் கதை ஏன் அங்கே நடக்கிறது என்று பிடிபட்டது. பனியுகங்களில் வடக்கிலிருந்து பலமுறை இறங்கிய பனிப்பாளங்கள் இந்த ஒரு திட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. எதுவும் தரையை மழிக்கவில்லை, ஆறுகள் ஆழ அறுத்துக்கொண்டே போயின. முகட்டின் மேல் சமதளம், அங்கே வயலும் வீடும். நடுவில் கிடுகிடு பள்ளம். பக்கத்து முகட்டு வீடு கூப்பிடு தூரம்தான், போய்ச்சேரச் சுற்றிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். அங்கே ஒருவன் நரைக்காமல் இருந்தால் அக்கம்பக்கத்தார் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்பதை நம்ப முடிகிறது. எங்கள் டெல்டா பக்கத்தில் இப்படி ஒருவர் இருந்தால் அவருக்குக் கோயிலே கட்டியிருப்பார்கள்.

சிமாக் 1904-இல் பிறந்தது அதே மில்வில் பகுதிப் பண்ணையில்தான். 1939 முதல் 1976 வரை வேலை பார்த்தது மினியாபொலிஸ் பத்திரிகையில். அந்த ஊரைச் சுற்றி எல்லாம் ஏரிகள், பனிப்பாளம் விட்டுப்போனவை. ஆனால் எழுத உட்கார்ந்தால் பனி தொடாத தன் முகட்டுக்கே திரும்பத் திரும்பப் போயிருக்கிறார். என் கை மலைக்கோட்டைக்குப் போவதற்கு நான் இனி வெட்கப்படப் போவதில்லை.

சரி, ஒரு பெரிய தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பக்கத்துச் சரிவுகளில் தெற்கும் மேற்கும் பார்த்தவை வெயிலில் காய்ந்து வெறும் புல்லாக இருக்கும். ஆடுதான் ஏறி மேயும் என்று அதற்கு ‘ஆட்டுப் புல்வெளி’ என்றே பெயர். அது பிடித்துப்போய் ஆற்றைப் பார்த்த சரிவு முழுக்கத் தேங்காய் நாரை நறுக்கிப் புல்லாக ஒட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பிறகுதான் வரைபடத்தைப் பார்த்தேன். மில்வில் இருப்பது விஸ்கான்சின் ஆற்றுக்குத் தெற்கே. ஆற்றைப் பார்த்த சரிவு என்றால் வடக்கு பார்த்தது, நிழல் பக்கம், அடர்ந்த காடு! எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, இப்போது காய்ந்த துளசிக் கதிரை மரமாக நட்டுக்கொண்டிருக்கிறேன். இலைக்கு ஸ்பாஞ்சை மிக்ஸியில் அடித்தேன். அந்த மிக்ஸி இனிமேல் என்னுடையது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது, சட்னிக்குப் புதுசு வாங்கித் தர வேண்டும்.

கல்லறைகள் மட்டும் முடிந்தன. வீட்டை ஒட்டி மூன்று: அப்பா, அம்மா, மூன்றாவதோ பூமியில் பிறக்காத ஒருவருடையது. சாக்பீஸில் 5 மி.மீ. உயரத்துக்கு அறுத்தேன். மூன்றாவது கல்லில் வேற்றுலக எழுத்து இருக்க வேண்டும். ஊசிமுனையால் கீறினேன், பூதக்கண்ணாடியில் பார்த்தால் என் கையெழுத்து மாதிரியே இருக்கிறது, அதனால் பொருத்தம்தான்.

இதற்குள் அடுத்ததற்கு மனசு தாவிவிட்டது. 1959-இல் அவருக்கு ஹ்யூகோ வாங்கித் தந்த ‘தி பிக் ஃப்ரண்ட் யார்ட்’ கதையில், பழுது பார்ப்பவர் ஒருவரின் வீட்டு முன்வாசல் வேற்றுலகப் பாலைவனத்தில் திறக்கும், பின்வாசல் பழையபடி ஊருக்குள் இருக்கும். ஒரே பலகையில் பாதி கிராமம், பாதி பாலை. பாலைக்குத் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மண்தான் சரி, சிவப்பு நிறம் பூச வேண்டிய வேலையே இல்லை. அந்தப் பக்கம் போகிற சித்தப்பாவிடம் ஒரு மஞ்சப்பை நிறைய அள்ளிவரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று அவர் இதுவரை கேட்கவில்லை.

துளசி இன்னும் இருநூறு கதிராவது வேண்டும். மாடத்துச் செடி மொட்டையாகிவிட்டது.