கொழும்பில் ஒரு பழைய காரின் விலை எங்கே உருவாகிறது?

ஹைலெவல் வீதியில் தெல்கந்தைப் பக்கமாகவோ, பத்தரமுல்லை, மாலபே வழியாகவோ போகிறவர்கள் வரிசையாக நிற்கும் கார் சேல்களைப் பார்த்திருப்பார்கள். அங்கே நின்று ஒரு அக்குவாவையோ வேகன்ஆரையோ சுற்றிப் பார்க்கிற வாடிக்கையாளர், அதன் விலையை அந்தக் கடைக்காரர்தான் தீர்மானிக்கிறார் என்று நினைத்து அவரோடு பேரம் பேசுகிறார். ஆனால் விலையின் பெரும்பகுதி அந்தக் கார் கொழும்புக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணத்தையோ, ஓய்வுபெறும்போது கைக்கு வந்த தொகையையோ இதில் கொட்டுகிற குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஏராளமாக இருப்பதால், அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

நம் வீதிகளில் ஓடும் கார்களில் மிகப் பல ஜப்பானிய ஏல மண்டபங்களைக் கடந்து வந்தவை. யூஎஸ்எஸ் போன்ற நிறுவனங்கள் நடத்தும் இந்த ஏலங்களில் உறுப்புரிமை பெற்ற வணிகர்கள் மட்டுமே விலை கேட்கலாம்; ஆகவே நம் இறக்குமதியாளர் அங்குள்ள ஒரு முகவர் மூலமாகவே வாங்குகிறார். ஒவ்வொரு கார் மீதான போட்டியும் சில விநாடிகளில் முடிந்துவிடும். காரை நேரில் தொட்டுப் பார்க்காத ஒருவர் அவ்வளவு விரைவாகப் பெருந்தொகைக்குத் துணிவதற்குக் காரணம் ஏலத் தாள் என்ற ஒரே ஒரு பக்கம். மண்டபத்தின் பரிசோதகர் காரைப் பார்த்து, 4, 4.5, 5 என்பது போன்ற ஒட்டுமொத்தத் தரத்தையும், உட்புறத்திற்கு ஏ, பி, சி என்ற எழுத்தையும் அதில் இடுகிறார். விபத்தில் அடிபட்டுச் சீர்செய்யப்பட்டதற்கு ஆர் அல்லது ஆர்ஏ என்று வரும். காரின் வரைபடத்தின் மேல் கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, திருத்திப் பெயின்ட் அடித்த இடத்திற்கு டபிள்யூ, மாற்றிப் பொருத்திய பாகத்திற்கு எக்ஸ்எக்ஸ் என்று குறித்து, அருகில் அதன் அளவைக் காட்டும் இலக்கத்தையும் எழுதுகிறார். ஓடிய தூரத்தில் சந்தேகம் இருந்தால் அதற்கும் தனிக்குறி உண்டு. ஒரு காரைப் பற்றி அதனை விற்பவரின் விருப்பத்தைச் சாராமல் எழுதப்படும் சாட்சியம் என்று பார்த்தால், அதன் வாழ்நாளிலேயே இந்தத் தாளுக்கு நிகராக எதையும் நான் சொல்ல மாட்டேன்.

ஜப்பானில் புதிய காருக்கு 3 ஆண்டு நிறைவில் முதல் கட்டாயப் பரிசோதனை வருகிறது. அந்தச் செலவைத் தவிர்க்கப் பலர் அதற்கு முன் காரை விற்றுவிடுகிறார்கள். இலங்கைக்கும் 3 வயதைக் கடந்த பயணிகள் காரைக் கொண்டுவர இயலாது என்பதால், நம் இறக்குமதியாளர் இளவயதுக் கார்களுக்காக ஜப்பானின் உள்ளூர் வணிகர்களோடேயே போட்டியிட வேண்டியிருக்கிறது. பிறகு ஏலக் கட்டணம், முகவர் கூலி, கப்பற் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்ந்து, அம்பாந்தோட்டையிலோ கொழும்பிலோ இறங்கும்போது வரிகள் காத்திருக்கின்றன. சுங்கத் தீர்வை, எஞ்சின் கொள்ளளவையோ மோட்டாரின் வலுவையோ வைத்துக் கணக்கிடப்படும் உற்பத்தி வரி, குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி, இவற்றின் மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று அது நீள்கிறது.

இங்கேதான் வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் இருக்கிறது. உற்பத்தி வரி எஞ்சினின் அளவைப் பார்க்கிறதே தவிர, காரின் தரத்தைப் பார்ப்பதில்லை. 3.5 தரக் காரும் 4.5 தரக் காரும் ஒரே எஞ்சினைக் கொண்டிருந்தால் அந்த வரி ஒன்றுதான். வரியே விலையின் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால் வணிகருக்கு மிஞ்சும் இலாபம் மெல்லியது. தரம் குறைந்த காரை ஜப்பானில் சில இலட்சம் குறைவாக எடுத்தால், அந்த வித்தியாசம் அவருடைய இலாபத்தை இரட்டிப்பாக்கவும் கூடும். கொழும்பில் காரைப் பார்ப்பவருக்கு மெருகேற்றப்பட்ட இரண்டும் ஒன்றாகவே தெரியும். எனவே ஏலத் தாள் காணாமற்போவது பல வேளைகளில் தற்செயலானதன்று. தாளைக் கேட்பதோடு நிற்காமல், சேசி இலக்கத்தைக் கொண்டு அதனைச் சரிபார்க்கும் இணையச் சேவைகளையும் பயன்படுத்த வேண்டும். காட்டப்படும் தாளே திருத்தப்பட்டதாக இருக்கலாம்.

ஏற்கெனவே இங்கு பதிவான கார்களின் விலையை நிர்ணயிப்பது, அதே காரை இன்று புதிதாக இறக்கினால் என்ன செலவாகும் என்ற கணக்கே. 2020 மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. கார் பழசாகப் பழசாக விலை குறையும் என்ற பொது விதி இங்கே தலைகீழானது. பல ஆண்டுகள் ஓட்டிய காரை வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் நம் எல்லோருடைய உறவினர்களிலும் இருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், வரிகளும் டொலரின் மதிப்பும் உயர்ந்தே இருந்ததால் பழைய கார்கள் பலர் எதிர்பார்த்த அளவு மலிந்துவிடவில்லை.

கார் சேல்காரரின் கணக்கு வேறொன்று. 60 இலட்சத்தை 15 சதவீத வட்டிக்கு எடுத்து ஒரு காரில் போட்டிருந்தால், அந்தக் கார் முற்றத்தில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு 75,000 ரூபாய் செலவு. ஆகவே நெடுநாள் நிற்கும் காரில்தான் பேரத்துக்கு இடமுண்டு. இணைய விளம்பரம் எப்போது போடப்பட்டது என்று பார்ப்பது காரின் நிறத்தைப் பார்ப்பதைவிடப் பயன்தரும். உரிமையாளர் தன் காரை விற்றுத்தரும்படி விட்டுச்செல்லும் பார்க் அண்ட் சேல் முறையில் நிறுத்தப்பட்ட கார் என்றால் பணம் அவருடையதன்று, தரகு மட்டுமே அவருடையது. அங்கே விலையைக் குறைக்கும் அதிகாரம் உரிமையாளரிடம் இருக்கிறது. நடுவில் ஒரு தரகர் இருந்தால் அவருடைய பங்கையும் யாராவது ஒருவர் சுமக்கத்தான் வேண்டும்.

லீசிங் தவணை கட்டாததால் மீட்கப்பட்ட வாகனங்களை ஃபைனான்ஸ் கம்பனிகள் ஏலத்திலும் கேள்விப்பத்திரம் மூலமும் விற்கின்றன. மலிவு என்ற பெயர் இதற்கு இருந்தாலும், ஜப்பானிய ஏலத்துக்கு இது நேரெதிரானது. தரத் தாள் கிடையாது, வீதியில் ஓட்டிப் பார்க்க வழக்கமாக இடமில்லை, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் என்ற நிபந்தனையில் வைப்புப் பணம் கட்டிக் கேட்க வேண்டும். தவணைக்கே வழியில்லாத ஒருவர் சர்வீஸை ஒழுங்காகச் செய்திருப்பாரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே வரும் வணிகர்கள் பஞ்சிகாவத்தை உதிரிப்பாக விலையையும் கராஜ் கூலியையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு தொகையில் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைத் தாண்டிக் கேட்பவர் தனக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாதது ஏதாவது உண்டா என்று தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லாமல் இந்த ஏலங்களுக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியில் வாங்கினாலும் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட படிவங்களை மட்டும் கைமாற்றும் ஓப்பன் பேப்பர் பழக்கம் இன்னும் இருக்கிறது. இடையில் எத்தனை பேரிடம் கார் மாறியது என்பது பதிவில் தெரியாமற்போவதும், பிறகு நடக்கும் விபத்துக்குப் பழைய உரிமையாளர் பதில் சொல்ல நேர்வதும் அதனால்தான். விற்பவரும் வாங்குபவரும் தத்தம் படிவங்களை நிரப்பி, நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனே கொடுத்துவிட்டால் அந்தச் சிக்கல் இருவருக்கும் வராது.