ஞாயிறு சந்தை ஸ்வெட்டர்

புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பெண் என்றால் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு என்று, நான் வேலைக்குப் போன பிரான்சின் கிரெனோபிள் ஆய்வகத்தில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தெருப்பலகையில் படித்த 'ரூ', அப்புறம் ஒரு 'மெர்சி'. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். "தறியை யார் பார்ப்பது?" என்று தாத்தா பேசாமல் இருந்துவிட்டாராம். அதனால்தான் பேத்தி விசாவுக்கு வரிசையில் நின்றாள்.

எழுதிக் கொடுத்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்தார். புதுச்சேரி குருசுக்குப்பத்துக்காரர், பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். வீட்டுக் கரண்ட் பில் இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது, வங்கிக் கணக்கு இல்லாமல் கரண்ட் இணைப்பு கிடையாது என்று நான் அல்லாடியபோது, "அவசரப்படாதம்மா, இந்த ஊரே பேப்பர்லதான் ஓடுது" என்று உட்கார்ந்து அத்தனை படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்.

கிரெனோபிளைச் சுற்றி மலை. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 844 மீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையம் கட்டி, அதில் எலக்ட்ரான்களை ஓடவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கிறார்கள். புரதத்தைப் படிகமாக்கி அந்தக் கதிரில் வைத்தால் அதன் வடிவம் தெரியும். நான் படிகக்காரி இல்லை, எடை போடுகிறவள். புரதத்தைத் தராசில் வைக்க முடியாது. கரைசலை மெல்லிய ஊசி வழியே விட்டு, ஊசிக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால், மின்னேற்றத்தோடு துளிகள் தெறிக்கும். தண்ணீர் ஆவியாகப் போக, மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு மட்டும் வெற்றிடத்துக்குள் பறக்கும். அது பறக்கிற விதத்தில் நிறையைக் கணக்கிடலாம். இதற்காகத்தான் ஜான் ஃபென்னுக்கு 2002-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நாங்கள் சுருக்கமாக 'மாஸ் ஸ்பெக்' என்போம்.

முதல் நாள் என் ஊரைக் கேட்ட ஆய்வகத் தலைவர், "மெட்ராஸ் பக்கமா? ராமாஷந்த்ரான்!" என்றார். ஒரு நொடி விழித்தேன். ஜி.என். ராமச்சந்திரன்! புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கவே முடியாது என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தம் குழுவோடு வரைபடம் போட்டுக் காட்டியவர். இன்றும் புதிதாக ஒரு புரத வடிவம் வெளிவந்தால் அந்தப் படத்தோடு ஒத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து 150 கிலோமீட்டரில் நடந்த வேலை. அன்று எனக்கு மதிப்பு கூடியது, பிரெஞ்சு தெரியாவிட்டாலும்.

டிசம்பர் வந்தது. ஆய்வகத்தில் 20 டிகிரி. அவர்களுக்கு அது இதமான சூடு, எனக்கு மார்கழி விடியற்காலை. அம்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பேரம் பேசி வாங்கிய மெரூன் ஸ்வெட்டரை வெள்ளைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அதன் கை இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும், நீலச் சாயமேற்றிய ஜெல்லில் நூல் போலத் தெரிந்த புரதக் கோட்டை பிளேடால் அறுத்து, துண்டு துண்டாக நறுக்கி, ட்ரிப்சின் ஊற்றி ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைத்தேன். புரதச் சங்கிலியில் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் வருகிற இடம் பார்த்து வெட்டும் கத்திரி அது.

மறுநாள் துண்டுகளை மாஸ் ஸ்பெக்கில் விட்டு முடிவைத் திறந்தால், அது கண்டுபிடித்த புரதங்களின் பட்டியலில் என் புரதம் எங்கோ கீழே கிடந்தது. மேலே கெரட்டின், முடியிலும் தோலிலும் இருக்கும் புரதம். மனிதக் கெரட்டின் என்றால் யாரும் பதற மாட்டோம். தோலும் முடியும் எங்கேயும் உதிரும். இது ஆட்டுக் கெரட்டின்! மூன்று வார உழைப்பு. பக்கத்து மேசைக்காரி திரையைப் பார்த்தாள், என் மணிக்கட்டைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். கம்பளி ஆடையிலிருந்து விழும் புரதம் இந்தத் துறையில் பழைய தலைவலி, வழக்கமான கலப்படப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் கம்பளியே கட்டாத ஊரில் படித்தவளுக்கு அதை யார் சொல்லித் தந்திருப்பார்கள்?

அன்றிரவு அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"அப்ப அது அசல் கம்பளிதானாடி?"

"ஆமாம்மா, ஆட்டு ரோமம்தான்."

"நான் நைலான்னு சொல்லில்ல இருநூறு ரூபா குறைச்சேன்!"

மூன்று வாரம் போனது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கீழ்வீட்டுப் பெரியவர்தான், "உள்ளுக்கு ரெண்டு காட்டன் பனியன் போடும்மா" என்று வழி சொன்னார். அதன்பின் ஸ்வெட்டர் ஆய்வகக் கதவோடு சரி. மறுபடி செய்தபோது என் புரதம் பட்டியலில் முதலில் நின்றது.

போன மாதம் விடுப்பில் வந்திருந்தேன். அம்மா என்னைச் சந்தைக்கு இழுத்துப்போய், அதே கடைக்காரர் முன் நிறுத்தி, "உங்க ஸ்வெட்டரைப் பிரான்ஸ்ல மிஷின்ல போட்டுப் பார்த்துட்டா, அசலாம்" என்றாள்.

"அன்னைக்கே சொன்னேனேம்மா" என்று அவர் இன்னொன்றை உதறி விரித்தார். விலை இந்த முறை முந்நூறு ரூபாய் கூடுதல்.