தூத்துக்குடியில் கவலை கோயில் நடை, செயின்ட் ஜானில் ஓதம்

மதுரைக்குக் கிட்ட உள்ள பெரிய துறைமுகம் தூத்துக்குடி, சுமார் 150 கி.மீ. சொகுசுக் கப்பல் அங்கே வந்தால் பயணிகள் பஸ் ஏறி மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருவார்கள். மதியம் நடை சாத்திவிட்டால் 4 மணிவரை காத்திருக்க வேண்டும். கேப்டனின் கவலை அதுதான். ஓதத்தால், அதாவது கடலின் ஏற்றவற்றத்தால், கடல்மட்டம் அங்கே ஒரு மீட்டர் அளவில்தான் ஏறி இறங்கும்.

கனடாவின் செயின்ட் ஜான் துறைமுகம் வேறு ரகம். ஆறேகால் மணி நேரத்தில் தண்ணீர் 8 மீட்டர் வரை வற்றும். அதுவும் சீராக இல்லை: முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மும்மூன்று, கடைசியில் இரண்டும் ஒன்றும். மூன்றாவது, நான்காவது மணிகளில் இரண்டிரண்டு மீட்டர்!

கப்பல் தாழத் தாழ, கட்டிய கயிறு தொய்யும். கப்பல் கரையை விட்டு விலகும், பயணிகள் கரைக்கு இறங்கும் நடைபாலத்தின் நுனி இழுபடும். தண்ணீர் ஏறும்போது கயிறு விறைக்கும். அறுந்து சுண்டினால் ஆளையே அடித்துவிடும். அதனால் கயிற்றை இழுத்துத் தளர்த்தும் வின்ச் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஆள் வேண்டும், நடைபாலத்தையும் தளம் மாற்றிப் போட வேண்டும்.

தரைதட்டாமல் கிளம்பும் கணக்கு, உதாரணமாக, இப்படி: வரைபட ஆழம் (தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும்போது உள்ள ஆழம்) 9 மீட்டர், அதற்கு மேல் ஓதம் 1, கப்பல் தண்ணீருக்குள் 8.2, ஓட்டத்தில் அமுங்குவது 0.3. அடியில் மிச்சம் 1.5. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அமுங்கல் ஏறத்தாழ நாலு மடங்கு. அவசரக்காரருக்கு இது ஆகாது.

அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றவற்றம் உச்சம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு.